ஊராட்சிச் சுவரில் ஓர் எண்

'பஞ்சாயத்து' என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் இரண்டு பொருள் உண்டு. ஓட்டுப் போட்டு நாம் தேர்ந்தெடுக்கும் ஊராட்சியும் பஞ்சாயத்துதான். வேப்ப மரத்தடியில் நாலு பெரியவர்கள் கூடிப் புருஷன் பொண்டாட்டி சண்டையைப் பேசி முடிப்பதும் பஞ்சாயத்துதான். அடிபட்ட பெண்ணுக்கு இந்த மரத்தடிப் பஞ்சாயத்தை நன்றாகத் தெரியும். "அவன் கோபக்காரன், நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா" என்று சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஓட்டுப் போட்ட பஞ்சாயத்து தனக்கு எதற்கு உதவும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அடி உதை மட்டும் வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஓயாமல் இழிவாகப் பேசுவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாமே வன்முறைதான். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. நீதிமன்றத்தில் மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். நீதிமன்றம் தந்த பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உதவிக்கு ஆட்களும் இருக்கிறார்கள். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தரும் 'சகி' மையம் இருக்கிறது. 181 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதலே தமிழ்நாட்டில் இயங்குகின்றன. வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

இத்தனை இருந்தும் அவள் ஏன் வருவதில்லை? 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி நாடியிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மாவட்டத் தலைநகருக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையிலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்ன இடத்திலேயே "நாளைக்கு வாம்மா" என்றால், மறுபடி வருவதற்கு அவளுக்கு நாளை என்று ஒன்று வேண்டுமே.

ஆனால் அவள் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். "கீழே விழுந்துட்டேன்" என்று அவள் சொன்னதை நம்பாத கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். தூங்காத கண்ணோடு குழந்தையைக் கொண்டுவந்து விடுவதைப் பார்க்கும் அங்கன்வாடி ஊழியருக்குத் தெரியும். மூன்று வாரமாகத் தவணை கட்டாததைக் கணக்கில் எழுதும் சுய உதவிக் குழுத் தலைவிக்குத் தெரியும். பிள்ளை பள்ளிக்கு வராத காரணம் ஆசிரியருக்குத் தெரியும். ஆளுக்கொரு துண்டு தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு துறைகள் சேர்ந்து இயங்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. சட்டம், உள்துறை, சுகாதாரம், மனிதவளம் என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் ஊராட்சி இல்லை. அவள் வீட்டு வாசலிலிருந்து நடந்தே போகக்கூடிய அரசு அலுவலகம் விட்டுப்போயிருக்கிறது. பாதுகாப்பு அலுவலர்களை மாவட்டத்தில் மட்டுமல்ல, வட்ட அளவிலும் நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனாலும் வட்டத்திலிருந்து அவள் தெருவுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

கேரளத்தில் மாநில மகளிர் ஆணையம் 1997இலேயே 'ஜாக்ரதா சமிதி' என்ற குழுக்களை உள்ளாட்சிகளில் தொடங்கியது. ஊராட்சித் தலைவர்தான் அதன் தலைவர். காவல்துறையும் வழக்கறிஞரும் குழந்தை வளர்ச்சித் திட்ட மேற்பார்வையாளரும் அதே மேசையில் உட்காருகிறார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மேசையைத்தான்.

அப்படியொரு குழு இங்கே வந்தால், அதன் கையேட்டில் முதல் வரியாக நான் எழுத விரும்புவது இது: சமாதானம் பேசக் கூடாது. ஊராட்சி அலுவலகம் இன்னொரு வேப்ப மரத்தடி ஆகிவிட்டால், ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். அடித்தது சரியா தவறா என்று விசாரிக்க அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுப்பது, மருத்துவமனைக்கு அவளோடு ஓர் ஆளை அனுப்புவது, பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது, அடுத்த வாரம் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்து வருவது, இவைதான் வேலை. இன்னொன்று ரகசியம். சின்ன ஊரில் அடித்தவன் வார்டு உறுப்பினரின் மைத்துனனாக இருப்பான். அவள் பெயர் தீர்மான நோட்டில் ஏறக் கூடாது, கூட்டத்தில் வாசிக்கப்படக் கூடாது. மூன்றாவது, தலைவர் நாற்காலி. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஆனால் தலைவியின் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருக்கும் ஊரில், எந்தப் பெண் போய் மனசு திறப்பாள்?

இதுவரை சொன்னது வன்முறை நடந்த பிறகு செய்வது. நடக்காமல் தடுப்பதிலும் ஊராட்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் தன் பெயரில் இருந்த பெண்களில் 7 சதவீதம் பேர். போவதற்கு ஓர் இடம் இருக்கிறவளை அடிக்க ஓங்கிய கை யோசிக்கிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் பெண் பெயரிலோ இருவர் பெயரிலுமோ வீடு ஒதுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பயனாளிப் பட்டியல் கிராம சபைக்கு வருகிறது. பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், வீட்டு மனைப் பட்டாவில் அவள் பெயரைச் சேர்க்க உதவுவதும் குடும்ப வன்முறைத் தடுப்பு வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேயர்களே, பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டு, "நமக்கென்ன வம்பு" என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தவர்களும் நம்மிடையே இருக்கலாம். யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஊராட்சி அலுவலகச் சுவரைப் பாருங்கள். வரி விவரம் இருக்கும், ஊரக வேலைத் திட்டக் கணக்கு இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் 181 எழுதியிருக்கிறதா, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானம் போட்டு, அன்று மாலைக்குள் ஒரு டப்பா பெயின்டில் எழுதிவிடலாம்.