விருப்பமே இல்லாம வந்த புரட்சி

குவாண்டம், குவாண்டம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது முதல்ல எங்கிருந்து வந்துச்சு? இன்னைக்கு அந்தக் கதைதான்.

மின்சார அடுப்பை ஆன் பண்ணுங்க. காயில் முதல்ல மங்கலா சிவக்கும். இரும்பை இன்னும் சூடாக்கினா ஆரஞ்சு, மஞ்சள்னு மாறும். எந்த வெப்பநிலையில் எந்த நிற ஒளி எவ்வளவு வரும்? 1890களில் பெர்லினில் இருந்த ஓர் அரசு ஆய்வுக்கூடம் இதைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தது. மின்விளக்குத் தொழில் வளர்ந்துவந்த காலம் அது. ஒளியை ஒப்பிட ஒரு நம்பகமான அளவுகோல் தேவைப்பட்டது.

அதே ஊரில் பேராசிரியராக இருந்தவர் மாக்ஸ் பிளாங்க். அப்போ வில்ஹெல்ம் வீன் கொடுத்த ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருந்தது. அதுக்கு அடிப்படைக் காரணமே நமக்குக் கிடைச்சிடுச்சுன்னு பிளாங்க் நம்பினார்.

1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹைன்ரிஷ் ரூபன்ஸ் என்ற ஆய்வாளர் பிளாங்க் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார்: நீண்ட அலைநீளங்களில் அளந்து பார்த்தோம், வீன் சூத்திரம் ஒத்துவரலை. அன்னைக்கு மாலையே பிளாங்க் அந்தச் சூத்திரத்தைத் திருத்தி எழுதினார். அக்டோபர் 19 அன்று பெர்லின் இயற்பியலாளர்கள் முன்னால் வைத்தார். அளவீடுகளோட அப்படியே பொருந்தியது!

ஆனா அவருக்குத் திருப்தி இல்லை. பொருந்துதுன்னு தெரியும், ஏன்னு தெரியலை. இங்கதான் அவர் தன் கொள்கையையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அணுக்களையும் நிகழ்தகவையும் வைத்து வெப்பத்தை விளக்கிய போல்ட்ஸ்மானின் வழியைப் பல வருஷமா ஏத்துக்காதவர் பிளாங்க். வேற வழியில்லாம அதையே கையில் எடுத்தார். அந்த முறையில் எண்ணிப் பார்க்கணும். எண்ணணும்னா ஆற்றலைத் துண்டு துண்டாகப் பிரிக்கணும்.

டிசம்பர் 14 அன்று அவர் அறிவித்த விடை இது: ஒரு துண்டின் ஆற்றல் = h × அதிர்வெண். அந்த h எவ்வளவு சின்னது தெரியுமா? ஜூல்-வினாடி அலகில், புள்ளிக்குப் பிறகு 33 பூஜ்ஜியம் போட்டு, அப்புறம் 6626.

இதை ஒரு கடையா நினைச்சுக்கோங்க. எதையும் லூஸா கொடுக்க மாட்டாங்க, பாக்கெட் மட்டும்தான். சிவப்பு சின்ன பாக்கெட், ஊதா பெரிய பாக்கெட். வெப்பநிலைதான் கையில் இருக்கிற காசு. காசு கம்மியா இருந்தா பெரிய பாக்கெட் வாங்குறது ரொம்ப அபூர்வம். அதனாலதான் உங்க அடுப்புக் காயில் சிவக்குது, ஊதாவா மின்னுறதில்லை.

1931இல் எழுதிய ஒரு கடிதத்தில், அன்று தான் செய்தது வேறு வழி தெரியாமல் எடுத்த முடிவு என்ற பொருளில் பிளாங்க் சொல்கிறார். அந்த h-ஐ எப்படியாவது பழைய இயற்பியலுக்குள் அடக்கிவிட முடியுமான்னு பல வருஷம் முயற்சி பண்ணினார். முடியலை. 1905இல் ஐன்ஸ்டைன், ஒளியே பாக்கெட்டுகளாக வருதுன்னு சொன்னப்போ பிளாங்க் நம்பலை. 1913இல் ஐன்ஸ்டைனை பிரஷ்ய அறிவியல் கழகத்துக்குப் பரிந்துரைத்த கடிதத்திலும்கூட, அந்த ஒரு யோசனையில் அவர் கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கலாம், மன்னிச்சுடலாம் என்ற தொனிதான்.

பழைய இயற்பியலை உடைக்கணும்னு பிளாங்க் கிளம்பவே இல்லை. அளவீடு ஒண்ணு சொல்லுச்சு, தன் நம்பிக்கை வேற சொல்லுச்சு. அவர் அளவீட்டுப் பக்கம் நின்னார். அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடில் ஐன்ஸ்டைனின் அந்த 1905 கட்டுரை.