சாதனையின் பங்காளிகள்
(சல்கிப் பந்தய வரலாறு குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அமெரிக்காவில் வேர்விட்டு வளர்ந்த சல்கிப் பந்தயத்தைப் பற்றி இன்று பேச விழைகிறேன். சல்கி என்பது ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய இலேசான இரு சக்கர வண்டி. ஓட்டுபவர் குதிரையின் வாலுக்கு நேர் பின்னால், இரு கால்களையும் முன்னே நீட்டி அமர்ந்திருப்பார்.

இதன் தலையாய விதி, குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது என்பது. நடையைப் பொறுத்துக் குதிரைகள் இரு வகை. ட்ராட்டர், வலது முன்னங்காலையும் இடது பின்னங்காலையும் சேர்த்து எடுத்து வைக்கும். அடுத்த அடியில் மற்ற இரண்டையும். பேசரோ ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒருசேர வீசும். நடை முறிந்து பாய்ச்சல் எடுத்தால், ஓட்டுபவர் உடனே கடிவாளத்தைப் பிடித்துப் பழைய நடைக்குத் திருப்ப வேண்டும். அதற்குள் மற்றவை முந்திவிடும்.

இனி சாதனை நேரங்களைப் பார்ப்போம். 1845இல் லேடி சஃபோக் என்னும் குதிரை ஒரு மைலை 2 நிமிடம் 29½ வினாடியில் கடந்து, இரண்டரை நிமிட வரம்பை முதன்முதலில் உடைத்தது. 1897இல் ஸ்டார் பாயின்டர் 1 நிமிடம் 59¼ வினாடியில் ஓடி, இரண்டு நிமிடத்துக்குள் வந்த முதல் குதிரையானது.

இடையில் நடந்த ஒன்றுதான் என் பேச்சின் மையம். 1891இல் சுனோல் என்னும் குதிரை அதே ஒரு மைலுக்கு எடுத்த நேரம் 2 நிமிடம் 8¼ வினாடி. மறு ஆண்டே நான்சி ஹாங்க்ஸ் 2 நிமிடம் 4 வினாடியில் ஓடியது. சுனோல் இழுத்தது உயரமான சக்கரம் வைத்த பழைய வண்டி. நான்சி ஹாங்க்ஸ் இழுத்தது காற்றடைத்த டயர் மாட்டிய சைக்கிள் சக்கர வண்டி. குறைந்த நான்கே கால் வினாடியில் குதிரையின் பங்கு எவ்வளவு, சக்கரத்தின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

1906இல் மினசோட்டா கண்காட்சியில் டான் பேட்ச் 1 நிமிடம் 55 வினாடியில் ஓடியபோது இந்தக் கேள்வியே வழக்காயிற்று. வேகம் காட்ட அதற்கு முன்னே சென்ற வண்டியில் காற்றுத் தடுப்பு கட்டியிருந்ததால் அந்த நேரம் அதிகாரபூர்வச் சாதனையாகவில்லை.

அப்படியானால் எல்லாம் கருவியின் வேலைதானா? இல்லை. 1938இல் கிரேஹவுண்ட் என்னும் சாம்பல் நிற ட்ராட்டர் 1 நிமிடம் 55¼ வினாடியில் ஓடியது. 1969இல் நெவல் பிரைடு வரும்வரை, 31 ஆண்டுகள், எந்த ட்ராட்டராலும் அதைத் தாண்ட முடியவில்லை. கடிகாரத்துக்கு அகப்படாத பெருமையும் உண்டு. இடுப்பெலும்பில் பலத்த காயம்பட்ட நியூசிலாந்துக் குதிரை கார்டிகன் பே, 1968இல் 12 வயதில், பத்து லட்சம் டாலர் ஈட்டிய முதல் சல்கிக் குதிரையாயிற்று.

மீண்டும் கடிகாரத்துக்கு வருவோம். 1980இல் நயட்ராஸ் 1 நிமிடம் 49⅕ வினாடியில் ஓடியது நேரத்தை மட்டுமே எதிர்த்த ஓட்டம். 2022இல் மெடோலாண்ட்ஸ் பந்தயத் திடலில் புல்டாக் ஹானோவர் எடுத்த 1 நிமிடம் 45⅘ வினாடி, போட்டிக் குதிரைகளோடு மோதிப் பெற்றது. இரண்டும் பெரியவை, ஆனால் ஒரே தராசில் நிறுக்கக் கூடாதவை.

ஆகவே மாணவர்களே, எந்தச் சாதனையைக் குறித்தாலும் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வண்டி, எந்தத் தடம், தனித்தா போட்டியிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பங்காளிகள் எல்லாருக்கும் உரிய பங்கைக் கொடுப்பதே வரலாற்று நேர்மை.