பத்து நிமிடத்தில் தொடங்கினோம்



நாரந்தனை ஒழுங்கைகளில் புத்தகங்களோடு நடந்து வந்த நாங்கள், இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் படியேற மூச்சு வாங்குகிறோம். எங்களில் பலருக்கு நீரிழிவு. கால்விரலை இழந்தவரும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. நாங்கள் நாளுக்கு 10 நிமிட நடையோடுதான் தொடங்கினோம். மூன்றாம் நாள் முழங்கால் நொந்தது. ஒரு நாள் ஆறிவிட்டு மறுபடி நடந்தோம்.

சோற்றை விடவில்லை, குறைத்தோம். கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை வறையும் மரக்கறியும். நண்டும் பயற்றங்காயும் போட்ட ஒடியற்கூழும் மாப்பொருள்தான். ஒரு பிளாவோடு நிறுத்த வேண்டும். (எவ்வளவு கடினமென்று உங்களுக்குத் தெரியும்!)

மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குங்கள். நாளைக் காலை 6 மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்போம். செருப்பு வேண்டாம், சப்பாத்தோடு வாருங்கள்.