சமயம் வாழ்வது ஏட்டிலா? வீட்டிலா?

('வீட்டிலே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, "வேதம், உபநிடதம், கீதை, திருமுறை, பிரபந்தம் இத்தனை ஏடும் இல்லையென்றால் இந்து சமயம் ஏது?" என்று கேட்டுவிட்டுக் கம்பீரமாகப் போய் உட்கார்ந்தார். நல்ல கேள்வி. நானும் ஏட்டால் வயிறு வளர்ப்பவன்தான் ஐயா. ஏட்டைப் படித்து முனைவர் பட்டம் வாங்கி, ஏட்டைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட ஆளு 'வீடு' என்ற அணியில் வந்து நிற்கிறான்னா சும்மா வரலை. பட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வேதம். அதற்குச் 'சுருதி' என்று பெயர். சுருதி என்றால் கேட்கப்பட்டது, எழுதப்பட்டது இல்லை. தமிழில் 'எழுதாக் கிளவி' என்றே பெயர் வைத்தார்கள். ரிக் வேதத்தில் மட்டும் 10 மண்டலங்கள், 1,028 சூக்தங்கள். இவ்வளவையும் எப்படிக் காப்பாற்றினார்கள்? கிரமம் என்று ஒரு முறை: ஒண்ணு ரெண்டு, ரெண்டு மூணு, மூணு நாலு என்று சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. சடை என்று ஒரு முறை: ஒண்ணு ரெண்டு, ரெண்டு ஒண்ணு, ஒண்ணு ரெண்டு என்று முன்னும் பின்னுமாகப் பின்னுவது. அதற்கும் மேலே கனம். நமக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டை நேராகச் சொல்லவே நாக்குக் குழறுது! (சிரிப்பு) இதை எங்கே படித்தார்கள்? குருகுலத்தில். குருகுலம் என்றால் என்ன? குருவின் வீடு ஐயா! (கைதட்டல்) 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ சிறப்புச் செய்ததே, எதற்கு? வேதப் புத்தகத்துக்கா? இல்லை. வேதம் ஓதும் மரபுக்கு.

அடுத்து நம்ம தேவாரம். தில்லையிலே பூட்டிய அறைக்குள் ஏடு இருந்தது. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்பது மரபு சொல்லும் செய்தி. பூட்டி வைத்த ஏட்டுக்கு முதல் வாசகர் யார்? கறையான்! (சிரிப்பு) மிச்சம் இருந்ததை எடுத்தார்கள். சொல் கிடைத்தது. பண் கிடைக்கவில்லை. எங்கே போனார்கள்? எருக்கத்தம்புலியூருக்கு. அங்கே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண், அவர்தான் பண்ணைக் கொடுத்தார் என்கிறது திருமுறை கண்ட வரலாறு. ஏடு தொலைத்த இசையை ஒரு வீடு வைத்திருந்தது ஐயா! (கைதட்டல்)

சரஸ்வதி பூசை அன்று என்ன செய்கிறோம்? புத்தகத்தை அடுக்கி, சந்தனம் தடவி, பூ வைத்து, அன்றைக்கு மட்டும் படிக்காதே என்கிறோம். அந்த ஒரு நாள் ஏட்டுக்கு விடுமுறை. வீட்டுக்கு என்றைக்காவது விடுமுறை உண்டா? தாய்மார்களைக் கேளுங்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "தீண்டாமையைக் கட்டிக் காத்ததும் உங்கள் வீட்டு வழக்கம்தானே?" என்றார். உண்மை. தலைகுனிந்து ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று உபநிடதமும் கீதையும் எத்தனை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தன? அந்த ஏடு ஒரு கதவைத் திறந்ததா? 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரையில், வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நடந்தார். ஏட்டில் கிடந்தது காலுக்கு வந்தபோதுதான் கதவு திறந்தது. வழக்கம் தப்பாக இருந்தால் அதை வழக்கத்தில்தான் மாற்ற வேண்டும். ஏட்டில் அடிக்கோடு போட்டால் போதாது. (கைதட்டல்)

நடுவர் மணியை அடிக்கிறார். ஐயா, ஒரே நிமிடம். கதை பாக்கி இருக்கிறது.

பஞ்ச மகா யக்ஞம் என்று சாத்திரம் சொல்லும். தமிழில் ஐவேள்வி. தெய்வத்துக்கு, முன்னோருக்கு, மற்ற உயிர்களுக்கு, மனிதருக்கு, அப்புறம் ஓதுதல். ஆக ஐந்து. எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விளக்கு ஏற்றினாள், அது தெய்வத்துக்கு. காக்கைக்குச் சோறு வைத்தாள், அது முன்னோருக்கு. அரிசி மாவில் கோலம் போட்டாள், எறும்பு தின்றது. வாசலில் வந்து நின்றவருக்குச் சோறு போட்டாள். ஐந்தாவது? மார்கழி முப்பது நாளும் கோலம் போட்டுக்கொண்டே திருப்பாவை பாடுவாள். அவளுடைய அம்மா பாடக் கேட்டுப் படித்தது.

நான் முனைவர் பட்டம் வாங்கிய வருடம். மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல்லை மாற்றிப் பாடினாள். "அம்மா, அது தப்பு. அச்சில் இருக்கிறது இப்படி" என்றேன். கையில் கோலமாவோடு நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியாப்பா? நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது. பாட்டுக் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. "ஏம்மா பாடலை?" என்று கேட்டேன். "தப்பாப் பாடி பாவத்தைச் சேர்ப்பானேன்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ மார்கழி இருந்தாள். நான் கேட்க அவள் பாடவே இல்லை.

ஐந்து வேள்வியில் ஒன்றை, ஐவேள்வியைப் பாடம் நடத்துகிற நான்தான் நிறுத்தினேன் ஐயா. சொல் என் பக்கம் சரி. பாட்டுப் போய்விட்டது.

இப்போது என் மகள் பாடுகிறாள். அவளும் சொல்லை மாற்றுகிறாள். "தப்பு" என்று நான் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாடுகிறேன். நாலு நாளில் தப்பு தானாகத் திருந்திவிடுகிறது. அந்தக் காலத்துக் குருவின் வீட்டிலும் இப்படித்தான் திருத்தியிருப்பார்கள்.

ஏடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வாய் இருந்தால் ஏடு பேசும். வாய் மூடிவிட்டால் கறையானுக்குத்தான் ஆகும். எனவே, சமயம் வாழ்வது வீட்டிலே, வீட்டிலே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்குவார்கள் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)