இதயத் துடிப்பும் இரு மருந்துச் சிகிச்சையும்

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல், தாறுமாறான மின்தூண்டல்களால் நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலையை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை நடுக்கம் என்கிறார்கள். அத்தூண்டல்கள் யாவும் கீழறைகளை எட்டிவிடாதபடி வடிகட்டி அனுப்புவது, இடையிலுள்ள ஏ.வி. கணு என்னும் சிறு திசு. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் பெரும்பாலும் இங்கேதான் செயல்படுகின்றன.

அவற்றுள் பழமையானது, ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் நூலாக எழுதி விளக்கிய ஃபாக்ஸ்குளோவ் செடியின் மரபில் வந்த டிஜாக்சின். இது முக்கியமாக வேகஸ் நரம்பின் வழியாகவே கணுவை மந்தப்படுத்துவதால், நோயாளி அமர்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 80-இல் அடங்கியிருக்கும். அவரே எழுந்து இரண்டு மாடி ஏறினால், அட்ரினலின் பெருகி வேகஸின் பிடி தளர்ந்து, அது 140-ஐயும் தாண்டக்கூடும். ஆகவே உட்காரவைத்து நாடி பார்ப்பதோடு நிறைவடைந்துவிடலாகாது. அட்ரினலினின் தூண்டுதலையே மறிக்கும் மெட்டோப்ரொலால் போன்ற பீட்டா பிளாக்கர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், ஓய்விலும் உழைப்பிலும் வேகம் கட்டுக்குள் நிற்பதுடன், இரண்டும் குறைந்த அளவிலேயே போதுமானவையாகலாம்.

ஒரு மருந்தால் விளையக்கூடிய தீங்கைத் தடுக்கவே இன்னொன்றைச் சேர்ப்பதும் உண்டு. இணைமருந்துச் சிகிச்சையின் நுட்பம் இதில்தான் முழுமையாகப் புலப்படுகிறது. துடிப்பின் ஒழுங்கை மீட்கத் தரப்படும் ஃபிளெக்கனைடு, சிலரிடம் மேலறை நடுக்கத்தை நிமிடத்துக்கு 200 அளவிலான சீரான படபடப்பாக மாற்றிவிடுகிறது. மேலறைத் தூண்டல்களின் வேகம் குறைந்துவிட்ட காரணத்தாலேயே கணு அவற்றை ஒன்றுவிடாமல் கீழே அனுப்ப, கீழறைகளும் அதே வேகத்தில் துடிக்கத் தொடங்கும் பேராபத்து நேரலாம். கணுவை மந்தப்படுத்தும் பீட்டா பிளாக்கரோ டில்டியாசெமோ அதனுடன் வழக்கமாகச் சேர்க்கப்படுவது இதனால்தான்.

எல்லா இணைப்பும் இவ்வாறு நன்மை தருவதில்லை. வெரபமில் என்னும் மருந்து, பீட்டா பிளாக்கர் இரண்டும் ஒரே கணுவை ஒடுக்குவதோடு இதயத்தசையின் வலிமையையும் குறைப்பதால், சேர்ந்தால் துடிப்பு அபாயகரமாகத் தாழலாம். அமியோடரோன் என்னும் மருந்தோ, டிஜாக்சினை உடலிலிருந்து வெளியேற்றும் பி-கிளைகோபுரதத்தைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடுகிறது. குமட்டல், பசியின்மை, கண்ணுக்கு யாவும் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவை அந்த நஞ்சேற்றத்தின் அறிகுறிகள். அதனால் அமியோடரோனைத் தொடங்கும்போதே டிஜாக்சினைப் பாதியாகக் குறைப்பது மருத்துவ வழக்கம். அமியோடரோன் கொழுப்புத் திசுக்களில் தேங்கி, நிறுத்திய பின்னரும் பல வாரங்கள், சிலரிடம் மாதக்கணக்கில்கூட உடலில் நீடிப்பதால், அதை நிறுத்தியவுடனே டிஜாக்சினைப் பழைய அளவுக்கு உயர்த்திவிடவும் இயலாது.