கல்லுக்குத் தாரை, கல் செதுக்குகிறவனுக்கு?

(செங்கற்பட்டில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கத்திரி வெய்யிலில் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஆதலால் தண்ணீரைப் பற்றியே பேசிவிடலாமென்று நினைக்கிறோம்.

அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டால் சிவன் கோயில்களில் லிங்கத்தின் தலைக்குமேல் தாராபாத்திரத்தைத் தொங்கவிட்டு, சாமிக்கு உஷ்ணம் தாக்காமலிருக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள். கல்லுக்குச் சூடு தாங்கவில்லை என்று இவர்களிடம் யார் வந்து சொன்னார்கள்? மாமல்லபுரத்துப் பட்டறையில் அதே மாதிரிக் கல்லைச் செதுக்குகிறவனோ, கல்தூசியை விழுங்கிக்கொண்டு கீற்றுக் கொட்டகையில் வேகிறான். அவன் தலைக்குமேல் எந்தப் பாத்திரமும் தொங்கவில்லை. கோயிலுக்குள் போனதும் கல்லுக்கு வருகிற யோக்கியதை, செதுக்கினவனுக்கு ஏன் வரவில்லையென்றால் நம்மை நாஸ்திகர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வெய்யில் நட்சத்திரத்தால் வருவதென்பதும் வெறும் பேச்சு. சென்னையில் 2003-ம் வருஷம் 45 டிகிரி அடித்தது மே மாதக் கடைசியில், பஞ்சாங்கப்படி கத்திரி கழிந்த பிறகு!

நம் கடற்கரையில் சூடு மாத்திரமல்ல, காற்றில் ஈரமும் அதிகம். வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு ஆறும். ஈரக்காற்றில் அது உலராமல் வழிந்தோடுகிறது. உடம்பும் ஆறுவதில்லை, உள்ளிருக்கும் நீரும் உப்பும் போய்விடுகின்றன. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் போகும். தாகமோ தாமதித்தே வரும். ஆகவே 15, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். வெறுந் தண்ணீரையே குடங்குடமாகக் குடித்தாலும் கெடுதி. உப்பிட்ட மோர், நீராகாரம், கூழ் இவைகளும் வேண்டும். தலை சுற்றினால் நிழலில் உட்கார்த்தி, ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது இந்த மாதிரிக் கரைசலைக்கொண்டுதான். பேச்சுக் குழறி நினைவு தப்பினால் மாத்திரம் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காத்துக்கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிராமல், மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதெல்லாம் தெரிந்தவர்களும் ஏன் குடிப்பதில்லை? இதே கடற்கரையில் தெற்கே மரக்காணம் உப்பளத்திலும், இங்கே கட்டட வேலையிலும் உள்ள பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒதுங்க ஒரு மறைவிடமில்லை. ஆகவே காலையிலிருந்தே குடிப்பதை அடக்குகிறார்கள். தாகத்தை அடக்குவதுதான் பதிவிரதா லட்சணமென்று புராணக்காரன் எழுதாததுதான் பாக்கி! தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரைச் சோதித்து 2023-ல் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது.

எண்ணிக்கைக் கூலிக்காரன் எழுந்துபோய்க் குடித்தால் கூலி குறைகிறது. பானை வைத்தாலும் யார் மொள்ளுவது என்று ஜாதி பார்க்கிற இடமும் உண்டு. பொதுக் கிணறும் குளமும் எல்லோருக்கும் பொதுவென்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன் இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்தவர். 1929-ல் முதல் சுயமரியாதை மகாநாடு கூடியதும் இதே ஊரில்தான். அப்படியிருந்தும் குவளைச் சண்டை!

தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது ரோட்டில் போகிறவனுக்கு. வேலையை விட்டு நகர முடியாதவனுக்கு அதனால் என்ன லாபம்? வெப்ப அலையைப் பேரிடரென்று சர்க்கார் 2024-ல் அறிவித்து, அதனால் செத்தவன் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. செத்தபின் 4 லட்சம் சரி. சாகாமலிருக்க ஒரு பானைத் தண்ணீர் வைக்கவேண்டியது யார்? வேலை வாங்குகிறவன்தான். அது தர்மமல்ல, கூலியில் சேர்ந்தது.

நாளைக் காலையில் மேஸ்திரியிடம் கேளுங்கள்: மூடிய பானை, எல்லோருக்கும் ஒரே குவளை, நிழல், பெண்களுக்கு மறைவிடம், உச்சி வெய்யிலில் கூலி பிடிக்காத ஓய்வு. மறுத்தால் எந்த இடம், எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். தாலூகா ஆபீசுக்கு நாமும் கூட வருகிறோம்.