இரண்டாவது தடவை இறங்கியவர்

கொல்கத்தாவில் பிறந்த ஆரத்தி சாகாவைப் பற்றிச் சொல்றேன். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே இங்கிலீஷ் கால்வாய். பேர்தான் கால்வாய், அது கடல். 1959 ஆகஸ்டில் அதை நீந்திக் கடக்க வந்தாங்க. வழிகாட்டும் படகு தாமதமா வந்துச்சு. 14 மணி நேரத்துக்கு மேல நீந்தியும், எதிர் நீரோட்டத்தால் கரை சேர முடியலை.

செப்டம்பர் 29-ல் மறுபடியும் இறங்கினாங்க. 16 மணி 20 நிமிடத்தில் கரையைத் தொட்டாங்க. வயசு 19. அதைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவங்கதான். 1960-ல் பத்மஸ்ரீ பெற்றாங்க.

நம்ம குழுவில் ஒரு அக்கா, கடன்ல வாங்கின மாடு செத்ததிலிருந்து கூட்டத்துக்கே வர்றதில்லை. அவங்க மறுபடி இறங்கணும்னா, நம்ம படகு தாமதமாகக் கூடாது. இந்த வாரமே போய்க் கூட்டிட்டு வருவோம்.